சுட்டது தெரியாத கை: பீடித் தொழிலாளி ஒருவரின் உணர்விழப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம். 46 வயதுப் பெண், கணவர் சுமை தூக்கும் வேலைக்குப் போகிறவர், வீட்டில் மாமியாரும் கல்யாணம் பேசி வைத்திருக்கும் மகளும் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் அவர் வந்தது ஓர் ஆவணி மாதக் கடைசியில், ‘கைக்குப் பலம் வர பயிற்சி சொல்லிக் கொடுங்க’ என்று கேட்டு. இதை எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பீடி சுற்றும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து அளவாக வெட்டிக்கொண்டு, மடியில் சுளகைப் போட்டு உட்கார்ந்தால், ஒரு பீடிக்குச் சில விநாடிகள்தான் ஆகும். இலையில் தூளைப் பரப்பி, இரண்டு கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் சேர்ந்து உருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்க வேண்டும். கண் டிவியில் இருக்கும், கை தானாக ஓடும். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இதில் பெரிய வேலை இல்லை. இந்தச் சின்ன விஷயம்தான் நோயை மாதக்கணக்கில் மறைத்து வைத்தது.

என்னிடம் வருவதற்கு முன்

அதற்கு முந்தைய வருடமே, வலது முழங்கைக்குக் கீழே, கையின் வெளிப்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்தில் தோல் வெளுத்திருந்தது. தேமல் என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார். அரிக்கவில்லை, வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டார்.

சித்திரையில் வலது சுண்டு விரலில் எறும்பு ஊறுவது போல ஆரம்பித்தது. ஊரில் வர்மம் பார்க்கும் ஒருவரிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்தார். வைகாசியில் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். குனிந்தே உட்காரும் தொழில் என்றதும் கழுத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ‘எலும்பு தேய்மானம்’ என்று கழுத்துப் பட்டை, சத்து ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதோ என்ற சந்தேகத்தில் நரம்பு டெஸ்டும் எடுத்தார்கள். அதில் மணிக்கட்டு வழியாகப் போகும் மீடியன் நரம்பை மட்டும் சோதித்து, ‘நார்மல்’ என்று எழுதியிருந்தார்கள். 46 வயதில் யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது கண்ணில் பட்டவுடன் தேடலை நிறுத்திவிடுவதுதான் சிக்கல்.

ஆனியில் வலது கையில் பிடிப்பு குறைய ஆரம்பித்தது. கத்தரியை அழுத்தினால் இலை சீராக வெட்டுப்படவில்லை. ஆடியில் ஒரு நாள் சோற்றுப் பானையில் கஞ்சி வடிக்கும்போது, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கத்து ஓரம் பானை விளிம்பில் பட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: ‘சுட்டதே தெரியல டாக்டரம்மா. கொப்புளத்தப் பாத்த பொறவுதான் தெரிஞ்சுது. அப்பவும் வலிக்கல.’

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பயிற்சியை ஒத்திவைத்து, கையைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

கையில் பார்த்தவை

முதலில் பார்வைக்குத் தெரிந்தவை. உள்ளங்கை ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்த தீப்புண். சுண்டு விரல் லேசாக மடங்கியிருந்தது, முழுதாக நீட்டச் சொன்னால் நடு மூட்டு நிமிரவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை இடது கையோடு ஒப்பிட்டால் வற்றியிருந்தது. சுண்டு விரல் தோல் வறண்டு போயிருந்தது. அன்றைய புழுக்கத்தில் மற்ற விரல்களில் எல்லாம் ஈரம் இருந்தது, அதில் மட்டும் இல்லை. வியர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகளும், உணர்ச்சியைக் கொண்டுவரும் அதே நரம்புக்குள்தான் ஓடுகின்றன. அதனால் தோல் காய்ந்திருப்பதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக ஒதுக்க முடியாது.

பலத்தைப் பார்க்கத் துண்டுக் காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி இழுப்பது வழக்கம். அவர் பையில் வெட்டிய பீடி இலை இருந்தது, அதையே கொடுத்தேன். இடது கையில் கட்டை விரலை நேராக வைத்து இறுக்கிப் பிடித்தார். வலது கையில் இலையை இழுத்தவுடன் கட்டை விரலின் நுனி மூட்டு சட்டென்று மடங்கியது. முழங்கை வழியாக வந்து சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தரும் அல்நார் நரம்பு இயக்க வேண்டிய தசை வேலை செய்யாதபோது, மீடியன் நரம்பு இயக்கும் நுனித் தசை அதன் வேலையை எடுத்துக்கொள்வதால் வரும் மடங்கல் இது. மாதக்கணக்கில் அவர் இப்படித்தான் இலையைப் பிடித்திருக்கிறார். மகள் பக்கத்திலிருந்து, ‘அம்மா இப்பல்லாம் இப்படித்தான் புடிக்கி’ என்றாள்.

அப்புறம் உணர்ச்சி. கண்ணை மூடச் சொல்லி, நடுநடுவே தொடாமலே ‘இப்போ?’ என்று கேட்டு, ஒவ்வோர் உணர்ச்சியையும் தனித்தனியாகச் சோதித்தேன்.

வெளுத்த இடத்தில் பஞ்சை வைத்தேன். ‘தொடுதீய’ என்று சரியாகச் சொன்னார், ஆனால் ‘துணி மேல தொட்ட மாதிரி இருக்கு’ என்றார். குண்டூசியின் முனையையும் கொண்டையையும் மாற்றி மாற்றி வைத்தால் எது கூர், எது மழுங்கல் என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஒன்றில் பானைத் தண்ணீரும் மற்றதில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் ஊற்றி வைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்றார். இடது கையில் அதே இடத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

விரல்களுக்கு நைலான் இழைகள். குறிப்பிட்ட எடையில் வளைந்துவிடும்படி செய்த இந்த இழைகளுக்கு நிறம் உண்டு: பச்சை 0.05 கிராம், நீலம் 0.2 கிராம், ஊதா 2 கிராம், சிவப்பு 4 கிராம். கையில் நீலம் தெரிந்தால் நல்லது. இவருக்குக் கட்டை, ஆள்காட்டி, நடு விரல்களில் பச்சையே தெரிந்தது, பீடி சுற்றும் கைக்குக் கேட்கவா வேண்டும். சுண்டு விரலில் நீலம் இல்லை, ஊதா இல்லை, சிவப்புதான் தெரிந்தது. அதாவது தன்னைக் காத்துக்கொள்ளும் அளவுக்கான உணர்ச்சி அந்த விரலில் போய்விட்டது.

மோதிர விரல்தான் வழக்கையே தீர்த்து வைத்தது. அதன் சுண்டு விரல் பக்கத்துப் பாதி மந்தமாகவும், நடு விரல் பக்கத்துப் பாதி தெளிவாகவும் இருந்தது. விரலின் நடுவில் கோடு போட்டது போல. கழுத்தில் நரம்பு வேர் அமுங்கினால் மோதிர விரல் இப்படிப் பாதியாகப் பிரிவது அபூர்வம், முன்னங்கையின் உள்பக்கமும் சேர்ந்து மரத்திருக்க வேண்டும். இவருக்கு முன்னங்கை உள்பக்கம் நன்றாகவே இருந்தது. ஆக, கோளாறு கழுத்தில் இல்லை. முழங்கையிலோ அதற்குக் கீழேயோ அல்நார் நரம்பில்தான் இருக்கிறது. சர்க்கரை நோயினால் வருவது என்றால் வழக்கமாகப் பாதங்களில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் சமமாக ஏறும். இவர் பாதங்கள் இரண்டும் சரியாக இருந்தன.

தட்டினால் அதிரும் உலோகக் கவட்டையைச் சுண்டு விரல் எலும்பில் வைத்தபோது அதிர்வு தெரிவதாகச் சொன்னார். அதை நம்பி நிம்மதி அடைய முடியாது. அதிர்வு எலும்பு வழியாகப் பக்கத்து விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் பரவிவிடும்.

கடைசியாக முழங்கை. உள்பக்க எலும்பு முட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் அல்நார் நரம்பு தோலுக்கு மிக அருகில் போகிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை ஷாக் அடிப்பது அதனால்தான். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து உருட்டிப் பார்த்தேன். இடது பக்கம் மெல்லிய நாணாக நழுவியது. வலது பக்கம் பென்சில் தடிமனில் இறுகி இருந்தது, அழுத்தினால் முகம் சுளித்தார். வலது மணிக்கட்டின் கட்டை விரல் பக்கம் ஓடும் ரேடியல் நரம்பின் தோல் கிளையும் தடித்திருந்தது.

உணர்விழந்த வெளுத்த தோல், தடித்த நரம்பு. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது தொழுநோய்.

பஞ்சு தெரிந்தது, சூடு ஏன் தெரியவில்லை

முந்தைய இடங்களில் யாரும் கையைத் தொட்டே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மருத்துவர் பஞ்சால் தடவிப் பார்த்து ‘உணர்ச்சி இருக்கு’ என்று எழுதியிருந்தார். அவர் பார்த்தது பொய்யில்லை, பஞ்சு தெரிந்தது உண்மை. ஆனால் அந்த எழுத்தின் பொருளை எல்லோரும் பெரிதாக்கிக்கொண்டார்கள். ஏன் அப்படி ஆக்கக்கூடாது என்பதற்கு நரம்பின் அமைப்பையே பார்க்க வேண்டும்.

ஒரு நரம்பு என்பது ஒரே குழாய்க்குள் பல ஒயர்களை இழுத்துவிட்ட மாதிரி. தடிமன் வேறு, வேகம் வேறு, சுமக்கும் செய்தி வேறு. மெல்லிய தொடுதலைச் சுமக்கும் ஏ-பீட்டா இழைகள் தடித்தவை. மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தியவை. விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செய்தி போகும். கூரான வலியையும் குளிர்ச்சியையும் சுமக்கும் ஏ-டெல்டா இழைகள் மெல்லியவை, விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர். சூட்டையும் எரிச்சலான வலியையும் கொண்டுபோகும் சி இழைகளுக்கு உறையே இல்லை. விநாடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான், அதாவது நாம் நடக்கிற வேகம். காலை இடித்துக்கொண்டால் முதலில் ‘சுருக்’, கொஞ்சம் பொறுத்து எரிச்சல் என வலி இரண்டு தவணையாக வருவது இந்த வேக வித்தியாசத்தால்.

தோலில் இந்த இழைகளின் நுனிகளும் ஒன்றுபோல் இல்லை. இலையின் விளிம்பை உணர்வது மெர்க்கெல் செல்கள். இலை விரலிலிருந்து நழுவத் தொடங்குவதை உடனே சொல்வது மைஸ்னர் உறுப்புகள். வேகமான அதிர்வுக்குப் பாசினி உறுப்புகள், தோல் இழுபடுவதற்கு ரஃபினி நுனிகள். விரல் நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மெர்க்கெல், மைஸ்னர் வகைகளைச் சேர்ந்த இழைகள் மட்டும் ஏறத்தாழ 200 இருக்கும். அதனால்தான் விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்து உணர்கிறோம். முன்னங்கையில் அதற்குப் பல மடங்கு இடைவெளி வேண்டும். வலிக்கும் சூட்டுக்கும் இப்படித் தனி உறுப்பு எதுவும் கிடையாது. இழைகளின் வெறும் நுனிகளே தோலில் பரவி நிற்கின்றன.

அந்த நுனி எப்படிச் செய்தியாகிறது என்பது சமீப காலத்தில்தான் துலங்கியது. மிளகாயின் காரப் பொருளை வைத்துத் தேடி, டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும், மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும். காரம் பட்டாலும் அதே கதவுதான் திறக்கிறது. மிளகாய் அரைத்த கை எரிவது அதனால். அழுத்தத்தால் திறக்கும் பியெசோ வகைப் புரதங்களை ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்தார்கள். மெல்லிய தொடுதலுக்கு அவற்றில் பியெசோ2 முக்கியம். இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொடுதலுக்கு ஒரு கதவு, சூட்டுக்கு வேறு கதவு. ஒன்று வேலை செய்வதை வைத்து மற்றதும் வேலை செய்கிறது என்று சொல்ல இடமில்லை.

தண்டுவடத்துக்குள் நுழைந்த பிறகும் பாதைகள் பிரிந்தே போகின்றன. தொடுதல் நுழைந்த பக்கத்திலேயே மேலே ஏறி, மூளையின் அடிப்பகுதிக்கு வந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் தாண்டும். வலியும் சூடும் தண்டுவடத்திலேயே கைமாறி, அங்கேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். சூடு பட்டவுடன் கையை இழுத்துக்கொள்வது மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே தண்டுவடம் செய்யும் வேலை. இவர் கை பானையிலிருந்து விலகாததற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. தண்டுவடத்துக்குச் செய்தியே வரவில்லை.

இப்போது நோய்க்கு வருவோம். தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். உடலின் உள் வெப்பத்தைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியான இடம் அதற்குப் பிடிக்கும். எனவே தோலிலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளிலும் குடியேறும். முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு மாட்டிக்கொள்வது அதனால். நரம்பிழைகளைப் போர்த்தி வளர்க்கும் ஸ்வான் செல்களுக்குள் புகுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்கப் போக, நரம்பு வீங்கி, குறுகிய பள்ளத்துக்குள் தானே தன்னை நெருக்கிக்கொள்கிறது. தோலில் உள்ள படையில் பெரும்பாலும் முதலில் போவது சூடு, குளிர் அறியும் மெல்லிய இழைகள். பிறகு வலி. மெல்லிய தொடுதல் பின்தங்கிப் போகும். பஞ்சு மட்டும் வைத்துப் பார்த்தவர் கண்ணில் நோய் படாததற்குக் காரணம் இந்த வரிசைதான்.

நரம்பு டெஸ்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது தடித்த, வேகமான இழைகளைத்தான் அளக்கிறது. சி இழைகள் மொத்தமாக அழிந்திருந்தாலும் ‘நார்மல்’ என்று வரலாம். அதோடு இவருக்கு நோயில்லாத நரம்பில் எடுத்திருந்தார்கள்.

எடுத்த முடிவுகள்

பிசியோதெரபிஸ்ட் நோய்ப் பெயரை உறுதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதம் எழுதி, தொழுநோய்ப் பிரிவில் காட்டச் சொன்னேன். ‘பலவீனம் ஆனியிலிருந்து’ என்பதைக் கடிதத்தில் அடிக்கோடிட்டேன். நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் என்றால், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் மீள வாய்ப்பு உண்டு, தள்ளிப்போனால் அது வேகமாகக் குறையும். நாள் தேதி சொல்வது இங்கே சம்பிரதாயம் அல்ல.

நோயின் பெயரைச் சொல்வதா, மருத்துவர் சொல்லட்டும் என்று விடுவதா என்று யோசித்தேன். சந்தேகம் இருக்கிறது என்பதைச் சொன்னேன். சொல்லாமல் அனுப்பினால் அந்தப் பிரிவின் பெயர்ப்பலகையைப் பார்த்து வாசலிலேயே திரும்பிவிடுவார். மகளை வெளியே உட்கார வைத்துத்தான் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியது இல்லை. ‘எம் மவ கல்யாணம் நின்னு போயிருமா?’

அக்கா, முதல் வேளை மருந்து உள்ளே போனதுமே பிறருக்குப் பரவும் வாய்ப்பு அனேகமாக நின்றுவிடும், பெரும்பாலான ஆட்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது, இது பரம்பரையாக வருவதும் இல்லை என்று விளக்கினேன். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகளை 2019இல் சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அது அவருக்கு எவ்வளவு ஆறுதல் தந்தது என்று தெரியாது. ஊர் வாய்க்குச் சட்டம் தெரியாதே.

தொழுநோய்ப் பிரிவில், காது மடலிலும் வெளுத்த இடத்திலும் எடுத்த தோல் மாதிரியில் கிருமி தெரியவில்லை. திசு ஆய்வில் நரம்பைச் சுற்றி அழற்சி இருந்தது. வெளுத்த இடம் ஒன்றுதான் என்றாலும் ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புகள் பாதித்திருந்ததால், அதிகக் கிருமி வகையாக வகைப்படுத்தி 12 மாதக் கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு நாள் ரிஃபாம்பிசினும் கூடுதல் அளவு க்ளோஃபாசிமினும் சுகாதாரப் பணியாளர் முன்னால், மற்ற நாள்களில் டாப்சோனும் க்ளோஃபாசிமினும் வீட்டில். எல்லாம் இலவசம். நரம்பு வீக்கத்துக்கு, ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 40 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கத் திட்டமிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களைப் பரிசோதித்து, தடுப்புக்காக ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள்.

என் பங்குக்கு மூன்று வேலைகள். இரவில் முழங்கை மடங்காமலிருக்கத் துணி சுற்றிய அட்டைப் பட்டை, மடித்தால் நரம்பு இன்னும் இழுபடும் என்பதற்காக. சுண்டு விரல் நிரந்தரமாக மடங்கிவிடாமல் தினமும் நீட்டும் பயிற்சி. அப்புறம், கண்ணால் கையைக் காக்கும் பழக்கம்: பானை இறக்கும்போது தடித்த துணி, அடுப்பு வேலையை இடது கைக்கு மாற்றுவது, ராத்திரி படுக்கும் முன் இரண்டு கையையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது. தண்ணீரில் கையை ஊறவைத்து ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன், வறண்ட தோல் வெடித்தால் அதுவும் தெரியாது என்பதால்.

கண்ணால் காக்கும் இந்த முறை புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வதற்குக் காரணம் சதை அழுகுவதல்ல, வலி தெரியாமல் படும் காயங்கள்தான் என்று காட்டினார். நோயாளியைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி சமையலறையில்தான் நடக்கிறது என்பதற்கு அவர் கண்டுபிடிப்பே ஆதாரம்.

பின்னர் நடந்தவை

முதல் மாதம் சிறுநீர் செம்மண் நிறத்தில் போனதைப் பார்த்து மாமியார் மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ரிஃபாம்பிசினால் அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் நிறுத்தவில்லை. சில மாதங்களில் க்ளோஃபாசிமினால் முகம் கறுத்தது. இதற்கு அவர் மிகவும் வருத்தப்பட்டார். வெயிலில் அலைந்ததாக ஊரில் சொல்லிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு சிக்கல். வெளுத்த இடம் சிவந்து தடித்தது, முழங்கையிலிருந்து சுண்டு விரல் வரை கடுப்பு. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். உண்மையில் இது செத்த கிருமிகள் மீது எதிர்ப்புச் சக்தி காட்டும் கோபம், இந்தச் சிகிச்சையில் அடிக்கடி வருவது. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வந்ததை நிறுத்தி, மறுபடி கூட்டினார்கள். கூட்டு மருந்தை நிறுத்தவில்லை.

அப்போது அவர் கேட்ட கேள்வி ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ‘தீ வச்சாலும் தெரியாத விரலு, இப்ப எப்படிக் கடுக்கு?’ கடுப்பு விரலில் பிறக்கவில்லை. வீங்கிய நரம்பு முழங்கையிலேயே எரிச்சலடைந்து துடிக்கிறது. எந்த இழையில் துடிப்பு வருகிறதோ அந்த இழை எந்த இடத்துக்குச் சொந்தமோ, அங்கே வலிப்பதாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும். வழியில் எங்கே கிளம்பியது என்று பார்க்க அதற்கு வழியில்லை. உணர்ச்சியற்ற விரலில் வலி இருப்பதை ‘நடிப்பு’ என்று நினைக்கிற ஆட்கள் மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள், அதனால் இதை விரிவாக எழுதுகிறேன்.

தை மாதத்தில் கடுப்பு அடங்கியது. இழைச் சோதனையில் சுண்டு விரலில் ஊதா தெரிய ஆரம்பித்தது. பிடிப்பு கொஞ்சம் தேறி, கத்தரி பழையபடி வெட்டுப்பட்டது.

12 மாத மருந்து முடிந்தபோது நிலை இது: சுண்டு விரலில் 2 கிராம் ஊதா தெரிகிறது, 0.2 கிராம் நீலம் தெரியவில்லை. இலையைப் பிடிக்கும்போது கட்டை விரல் மடங்குவது குறைந்திருக்கிறது, போகவில்லை. விரல் மடங்கல் மேலும் கூடவில்லை. முன்னங்கையில் வெளுத்த இடம் நிறம் திரும்பியிருக்கிறது, ஆனால் அங்கே சூடும் குளிர்ச்சியும் இன்னும் பிரியவில்லை. இனி பிரியும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆடிக்குப் பிறகு ஒரு தீப்புண்கூட இல்லை. மகள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

பீடி சுற்றுவதை விடவில்லை. அளவைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இதன் பிறகு மாற்றியவை, மாற வேண்டியவை

எங்கள் இடத்தில் கை மரத்திருக்கிறது என்று யார் வந்தாலும் பஞ்சோடு நிறுத்துவதில்லை. குண்டூசி, இரண்டு குப்பித் தண்ணீர், இரண்டு முழங்கையையும் உருட்டிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து சில நிமிடங்களில் முடிந்துவிடும். மோதிர விரலை இரண்டு பாதியாகச் சோதிக்கிறோம். கழுத்துத் தேய்மானம் என்று எக்ஸ்ரே கையோடு வருகிறவர்களையும் விதிவிலக்காக்குவதில்லை.

பீடித் தொழிலாளர்களிடம் ‘வேலை பாக்க முடியுதா?’ என்ற கேள்வியை நம்புவதை விட்டுவிட வேண்டும். பீடி மீடியன் நரம்பின் விரல்களால் ஓடுகிறது, அல்நார் நரம்பு பாதி போனாலும் கட்டு கணக்கு பெரிதாகக் குறையாது. அதற்குப் பதில் கத்தரி அழுத்த முடிகிறதா, கஞ்சி வடிக்கும்போது சுட்டுக்கொண்டதுண்டா என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கிறது.

தொழுநோய் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக இந்தியா 2005 டிசம்பரில் அறிவித்தது. அதன் பொருள் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்பதுதான், இல்லாமல் போய்விட்டது என்பதல்ல. அதற்குப் பிறகு படித்து வந்த பல இளம் மருத்துவர்கள் தடித்த நரம்பைக் கையால் தொட்டுப் பார்த்ததே இல்லை என்கிறார்கள். எங்கள் பகுதியில் கிராம சுகாதாரச் செவிலியர்களோடு பேசி, தேமலுக்கு என்று களிம்பு கேட்டு வருகிறவர்களுக்குக் குண்டூசிச் சோதனையும் செய்துவிட ஏற்பாடு செய்திருக்கிறோம். மருந்துக்கடைக்காரர்களையும் இதில் சேர்க்க வேண்டும், அது இன்னும் நடக்கவில்லை. மருந்து முடித்த இவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் நரம்பு வீக்கம் சிகிச்சை முடிந்த பிறகும் வரலாம். அடுத்த சோதனை பொங்கல் கழிந்து.